கொல்லைத் தோட்டத்தில் எலியும் அணிலும்: கொல்லாமல் தடுக்க என்ன வழி?

காவிரிக்கரை கேட்டது:

வணக்கம். இடம் ஸ்ரீரங்கம் பக்கம், வண்டல் மண். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் தோட்டம். மூன்று பக்கம் காம்பவுண்டு சுவர். நான்காவது பக்கம் 35 அடி நீளத்துக்கு வெறும் கம்பிவேலி, அதைத் தாண்டினால் வாழைத்தோப்பு. நாலடிக்கு எட்டடி என்று நான்கு மேட்டுப்பாத்திகள்: வெண்டை, தக்காளி, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம். தவிர ஒரு கொய்யா, ஒரு மாதுளை, ஒரு தென்னை. எல்லாவற்றுக்கும் சொட்டுநீர்.

நடப்பது இதுதான். காலையில் பார்த்தால் பாத்தி ஓரத்தில் புது மண் குவியல், ஆனால் வளை வாய் தெரிவதில்லை. சர்க்கரைவள்ளிக் கொடி பச்சையாக நிற்கிறது, இழுத்தால் அடியில் கிழங்கு பாதிதான். விதைத்த மக்காச்சோளம் இரண்டாம் நாளே காணவில்லை, உமி மட்டும் கிடக்கிறது. கொய்யாவைப் பட்டப்பகலில் கொறிக்கிறது. சொட்டுநீர்க் குழாயில் கடித்த ஓட்டைகள். இரவில் சுவரோரம் கீச் கீச் என்று சத்தம், ஒரு மாதிரி நாற்றம்.

விஷமும் பசை அட்டையும் வேண்டாம். தெருநாய், பூனை எல்லாம் வந்துபோகும் இடம், தோப்பில் ஆந்தை இருக்கிறது. பொறிவைத்துப் பிடித்துத் தூரத்தில் விடுவதா, வலை அடிப்பதா? வலை என்றால் எந்தக் கண், எவ்வளவு ஆழம், எத்தனை அடி வாங்க வேண்டும்?

---

வரப்புமேடு:

வலை வாங்குவதற்கு முன் யாரைத் தடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சொன்னதில் குறைந்தது நான்கு பிராணிகள் இருக்கின்றன. அதில் இரண்டு எலியே இல்லை.

மண் குவியல், காணாமல் போகும் கிழங்கு: இது சிறு பெருச்சாளி, வரப்பெலி என்றும் சொல்வார்கள். வளைக்குள் போனதும் உள்ளேயிருந்து தளர்ந்த மண்ணைத் தள்ளி வாயை அடைத்துவிடும். அதனால்தான் ஓட்டை தெரிவதில்லை. குவியலைக் கையுறை போட்டு விலக்கினால் இரண்டரை, மூன்று அங்குல அகலத்தில் வாய் இருக்கும். கிழங்கை அடியிலிருந்தே தின்பதால் மேலே கொடி வாடாது, அறுவடை அன்றுதான் நமக்குத் தெரியும்.

விதை போவது: வயல் சுண்டெலி. ஓட்டை ஓர் அங்குலம்தான் இருக்கும், வாயில் பொடி உருண்டையாக மண். புழுக்கை சீரகம் மாதிரி. பெருச்சாளிப் புழுக்கை அரை அங்குலத்தைத் தாண்டும், குழப்பமே வராது. ஆனால் விதை காணோம் என்றதும் எலிமேல் பழி போடாதீர்கள். மைனாவும் காகமும் முளையோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். உமி பிளந்து கிடந்தால் எலி, முளை பிடுங்கிக் கிடந்தால் பறவை.

பகலில் கொய்யா: அணில். இரவில் பழம் போனால் வீட்டெலியோ வௌவாலோ. வௌவால் கடித்த பழத்தின் சக்கை மரத்தடியில் துப்பிக் கிடக்கும்.

கீச்சும் நாற்றமும்: மூஞ்சூறு. பிள்ளையார் வாகனம் என்று கும்பிட்டுவிட்டு, எலி என்று அடித்துக் கொல்கிறோம். நீண்ட மூக்கு, பொட்டுக் கண், சுவரை ஒட்டியே ஓடும். கரப்பான், பூச்சி, புழுதான் அதன் சாப்பாடு. கிழங்கையோ விதையையோ தேடி வருவதில்லை. அதை விட்டுவிடுங்கள், சமையலறைக் கதவின் அடி இடுக்கை மட்டும் அடைத்தால் போதும்.

எந்த வளையில் இப்போது ஆள் இருக்கிறது என்று பார்க்க: மாலையில் எல்லாக் குவியலையும் மட்டமாக்கி, வாயைத் திறந்து விடுங்கள். காலையில் எது மறுபடி மூடியிருக்கிறதோ அதுதான் குடியிருக்கும் வளை. சுண்டெலிக்கு நேர்மாறு: மாலையில் மண்ணால் லேசாக மூடுங்கள், காலையில் திறந்திருந்தால் உள்ளே இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து பார்த்து ஒரு தாளில் குறித்தால் படம் தெளிவாகிவிடும்.

---

பட்டறைக்காரர்:

வலை பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோழி வலை வாங்காதீர்கள். அறுகோணக் கண் முக்கால் அங்குலம், சுண்டெலி நிற்காமலே போகும். கம்பியும் மெல்லிசு, ஈர மண்ணில் சீக்கிரம் துருப்பிடித்து உதிரும். நைலான் வலையும் பிளாஸ்டிக் வலையும் பெருச்சாளிக்கு ஒரு இரவு வேலை. முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்கிற பிராணி, எதையாவது கடித்துத்தான் ஆக வேண்டும்.

வாங்க வேண்டியது துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமான கம்பிகளைப் பற்றவைத்த வலை, சதுரக் கண். பெருச்சாளிக்கும் வீட்டெலிக்கும் அரை அங்குலக் கண், 19 கேஜ் (கம்பித் தடிமனின் எண், எண் கூடினால் கம்பி மெல்லிசு). சுண்டெலியையும் சேர்த்துத் தடுக்க வேண்டுமானால் கால் அங்குலம், 23 கேஜ். ஆறு மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் சுண்டெலிக் குஞ்சு நுழையும் என்பதுதான் கணக்கு. கடையில் 'வெல்டு செய்தபிறகு துத்தநாகம் பூசியதா' என்று கேளுங்கள். பூசிய கம்பியை வாங்கிப் பிறகு வெல்டு வைத்தால் ஒவ்வொரு முடிச்சிலும் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பாத்திக்கு அடி வலை: நாலுக்கு எட்டு பாத்திக்கு அடியும், நான்கு பக்கமும் ஆறு அங்குலம் மேலேறும் மடிப்பும் சேர்த்து ஐந்துக்கு ஒன்பது அடி வேண்டும். மூன்றடி அகல ரோலில் ஒன்பது அடி நீளத்துண்டு இரண்டு. நடுவில் நாலு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கட்டுக்கம்பியால் மூன்று அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஆக ஒரு பாத்திக்கு ரோல் நீளத்தில் 18 அடி, நான்கு பாத்திக்கு 72. வலை மண்ணுக்கு அடியில் குறைந்தது 12 அங்குலம், கிழங்குப் பாத்திக்கு 15. மேலே போட்டுவிட்டால் கிழங்கு கண்ணுக்குள் பருத்து மாட்டிக்கொள்ளும், தோண்டும்போது கிழங்கும் போகும் வலையும் போகும். மண்புழு, தண்ணீர், வேர் எல்லாம் தாராளமாகப் போய்வரும். மடிப்பைப் பாத்தியின் பலகையோடோ ஹாலோ பிளாக்கோடோ ஒட்டி அடியுங்கள், விரல் நுழைகிற இடுக்குகூட இருக்கக் கூடாது. தப்பு நடக்கிற இடம் எப்போதும் மூலைதான்.

வேலிப் பக்கம்: நாலடி அகல ரோல், 35 அடிக்கு 37 அடி வாங்குங்கள். 18 அங்குலம் ஆழக் குழி எடுத்து, வலையை நேராக இறக்கி, அடியில் 12 அங்குலத்தைத் தோப்புப் பக்கமாக மடக்கிப் படுக்கவிட்டு மூடுங்கள். மீதி 18 அங்குலம் தரைக்கு மேல் நிற்கும். தோண்டுகிற பெருச்சாளி வேலியை ஒட்டியே இறங்கும், படுத்திருக்கும் வலையில் தட்டியதும் பின்னால் இரண்டடி தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. மடிப்பை உள்பக்கம் விட்டால் இந்த வேலையே வீண். மேல் விளிம்பில் வழவழப்பான தகரத்தை 15 அங்குல உயரத்துக்குப் பொருத்தினால் ஏறுவது குறையும். வலை மேல் எலி ஏறும், தகரத்தில் கால் பிடிக்காது.

சுவரில் மழைநீர் வெளியேறும் துளைகளை மறந்துவிடாதீர்கள். அதே மெஷ்ஷை உள்பக்கம் திருகாணி வைத்துப் பொருத்துங்கள், சிமென்ட் பூசி நிரந்தரமாக்க வேண்டாம். இலை அடைத்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

---

கொய்யாக்கிளை:

அணிலுக்கு மேலே சொன்ன எதுவும் வேலைக்காகாது. அது வேலியின் மேல் நடந்தே வரும்.

தென்னைக்குச் சுலபம்: தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டையை மரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். இறுக்கி ஆணி அடிக்காமல் ஸ்பிரிங் அல்லது மடிப்புக் கொக்கி போட்டு, வருடம் ஒருமுறை தளர்த்துங்கள். எலி, அணில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே செலவு. மட்டை எதுவும் பக்கத்து மரத்தையோ மொட்டைமாடிச் சுவரையோ தொடக் கூடாது, ஆறடி இடைவெளி வையுங்கள். ஒரு மட்டை தொட்டால் போதும், பட்டை வெறும் அலங்காரம்.

கொய்யா, மாதுளைக்கு அந்த வித்தை பலிக்காது, கிளைகள் முழங்கால் உயரத்திலேயே பிரிகின்றன. பழத்துக்குப் பழம் உறைதான். நெய்யாத துணிப் பை பழ ஈயைத் தடுக்கும், அணிலுக்கு அது ஒரு கடி. கொசுவலைக் கதவுக்குப் போடுகிற அலுமினிய வலையைப் பத்துக்கு எட்டு அங்குலமாக வெட்டி, மடித்து, பக்கங்களை இரண்டுமுறை மடக்கி அழுத்தினால் பை தயார். காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே மாட்டி, காம்பில் கட்டுக்கம்பியால் தளர்வாகக் கட்டுங்கள். பழம் உள்ளே பருக்க இடம் வேண்டும், வலையில் உரசினால் தோலில் தழும்பு வரும். எல்லாப் பழத்துக்கும் மாட்ட முயற்சிக்காதீர்கள். கைக்கு எட்டும் பழத்துக்கு மாட்டி, உச்சிக்கிளைப் பழத்தை அதற்கே விடுவதுதான் நடைமுறை.

தக்காளி நிறம் திரும்பத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள், சுவை பெரிதாகக் குறையாது. செடியில் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் யார் முதலில் என்கிற போட்டிதான்.

மரம் முழுக்க நைலான் வலை போர்த்துபவர்களுக்கு ஒன்று. தொளதொளவென்று தரையில் புரளும் வலையில் சாரைப்பாம்பு மாட்டி, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் வெயிலில் செத்துப்போகும். எலியைத் தின்னும் பிராணியைக் கொன்றுவிட்டு எலியைத் தடுத்ததாக நினைப்போம். போடுவதென்றால் சட்டம் அடித்து விறைப்பாக, தரைக்கு ஓரடி மேலேயே முடியும்படி.

குழாய்க் கடி கோடையில்தான் அதிகம், இல்லையா? தாகம். தோட்டத்தின் தோப்புப் பக்க மூலையில் ஆழமில்லாத மண் சட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள், உள்ளே ஒரு கல் போட்டால் குட்டிப் பிராணி விழுந்தாலும் ஏறிவிடும். 16 மில்லிமீட்டர்க் குழாயை இரண்டு அங்குலம் மண்ணில் புதைத்தால் அணில் கடிப்பது நிற்கும். பெருச்சாளி இருக்கும் பாத்தியில் புதைக்காதீர்கள், அங்கே மேலேயே இருக்கட்டும்.

---

மண்சட்டி:

வலைக்கு முன் தீவனத்தைப் பாருங்கள். இதை யாரும் கேட்பதே இல்லை: கடலைப் புண்ணாக்கு போடுகிறீர்களா? கட்டியாகச் செடியின் தூரில் புதைத்தால் அது எலிக்கு வைத்த விருந்து. எலும்புத்தூள், மீன் அமிலம் (மீனை வெல்லத்தில் ஊறவைத்த உரக் கரைசல்) தெளித்த மண்ணும் அப்படித்தான். வேப்பம் புண்ணாக்கைத் தோண்டித் தின்பது அபூர்வம். கடலைப் புண்ணாக்குதான் வேண்டும் என்றால் ஊறவைத்து, நன்றாகக் கரைத்து, தெளிவை மட்டும் பத்து மடங்கு தண்ணீரில் ஊற்றுங்கள், சக்கையைக் கம்போஸ்டுக்குள் நடுவில் புதையுங்கள்.

கம்போஸ்ட் தொட்டி காய்ந்து அசையாமல் கிடந்தால் எலிக்கு மெத்தை. அடியில் கால் அங்குல மெஷ், பிழிந்தால் சொட்டு வருகிற ஈரம், வாரம் ஒருமுறை கிளறல். சோறு, இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் போடாதீர்கள். நாய்க்கு வைத்த சாப்பாடு இரவு வெளியே இருக்கக் கூடாது. விழுந்த கொய்யாவை மாலையில் பொறுக்குங்கள், காலையில் அல்ல. தென்னைமட்டைக் குவியல், செங்கல் அடுக்கு, தேங்காய் நார்த்தூள் மூட்டை எல்லாம் தரையிலிருந்து ஓரடி உயர ஸ்டாண்டில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. இவ்வளவு செய்தாலே சுண்டெலிப் பிரச்சினை பாதி அடங்கும்.

மக்காச்சோளத்தை நேரடியாக விதைக்காமல் குழித்தட்டில் முளைக்கவைத்து, இரண்டு மூன்று இலை வந்ததும் நடுங்கள். விதையில் சத்து தீர்ந்தபிறகு எலிக்கு அதில் ஆர்வம் இல்லை.

இனி வீடியோக்களில் சுற்றும் வைத்தியங்கள். பூண்டு, புதினா, மிளகாய்க் கரைசல்: ஒரு மழை, அல்லது நாலு நாள், அவ்வளவுதான். மிளகாய் அணிலின் கண்ணிலும் படும், உங்கள் கண்ணிலும் படும். அந்துருண்டை மண்ணில் விஷம், காய்கறித் தோட்டத்தில் போடவே கூடாது. மீயொலிக் கருவி ஒரு செங்கல்லைத் தாண்டாது, எலியும் பழகிவிடும். சிமென்ட் கலந்த மாவு, வெல்லப்பாகில் பஞ்சு என்று சிலர் சொல்வது வீட்டு வைத்தியம் இல்லை, சித்திரவதை. பப்பாளிக்காய்த் துண்டு வாயைப் புண்ணாக்கி விரட்டும் என்பார்கள். அது பலித்தாலும் நீங்கள் கேட்ட 'கொல்லாமல்' என்பதற்குள் அடங்குமா என்று யோசியுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி கொல்லும் பொறி, இங்கே பேச்சே இல்லை. பசை அட்டையில் எலி மணிக்கணக்கில் தோலைக் கிழித்துக்கொண்டு சாகும். ஓணானும் தவிட்டுக்குருவியும் அதே அட்டையில் ஒட்டும்.

விஷம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரி. ரத்தம் உறையாமல் செய்யும் புரோமடியோலோன் வகையைத் தின்ற எலி சாகப் பல நாள் ஆகும். அதுவரை தள்ளாடிக்கொண்டே திறந்தவெளியில் திரியும். ஆந்தைக்கும் பூனைக்கும் அதைவிடச் சுலபமான இரை இல்லை.

---

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கடலைப் புண்ணாக்கைக் கட்டியாகத்தான் புதைத்துக்கொண்டிருக்கிறேன், இன்றோடு நிறுத்தம். இரண்டு சந்தேகம். பாத்தியில் இப்போது பயிர் நிற்கிறது, வளையும் உள்ளேயே இருக்கிறது. வேலியை முதலில் அடைத்தால் எலியை உள்ளே வைத்துப் பூட்டினமாதிரி ஆகாதா? பிடித்து விடுவதாக இருந்தால் எவ்வளவு தூரத்தில் விடுவது?

---

பட்டறைக்காரர்:

ஆகும். அதனால் பாத்தி முதலில், வேலி கடைசியில். காசு குறைவு என்றால் வேலியை விட்டுவிட்டு நான்கு பாத்தியோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை. வாழைத்தோப்புப் பெருச்சாளிக்குத் தோப்பு இருக்கிறது, உங்கள் கிழங்கு மட்டும் அதற்கு எட்டக் கூடாது.

---

வரப்புமேடு:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. மூன்று பக்கம் சுவர் இருக்கும் இடத்தில் நான்காவது பக்கத்தை அடைப்பது நல்ல முதலீடுதான், மாதுளை, வெண்டை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயன். ஆனால் வரிசை முக்கியம்.

சர்க்கரைவள்ளி எடுக்கும்வரை காத்திருங்கள். அதுவரை தினமும் காலையில் குவியலை மட்டமாக்கி, வளை வாயைத் திறந்து விட்டுக்கொண்டே இருங்கள். தொந்தரவு நிற்காத இடத்தில் பெருச்சாளி நெடுநாள் தங்காது. கிழங்கு எடுத்த பிறகு பாத்தியைத் தோண்டுங்கள். காலையில் அல்ல, மாலை ஐந்தரைக்குமேல். இது இரவுப் பிராணி, வெயிலில் வெளியே விரட்டினால் காகமும் நாயும் தின்றுவிடும். வீட்டுப் பக்கத்தில் தொடங்கித் தோப்பை நோக்கி நகருங்கள், ஓடும் வழி தோப்புப் பக்கம் திறந்திருக்க வேண்டும். நாயைக் கட்டிவையுங்கள். மண்வெட்டியை ஒரேயடியாக இறக்காமல் அரையடி அரையடியாக மண்ணை விலக்குங்கள்.

ரோமம் இல்லாத சிவப்புக் குட்டிகள் தென்பட்டால் நிறுத்திவிடுங்கள். மேலே தளர்வாக மண்ணை மூடிவிட்டு மூன்று நான்கு வாரம் அந்தப் பாத்தியைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அடுத்த ஓரிரு இரவில் தாயே கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். வளைக்குள் தண்ணீர் விடுவது குட்டிகளை மூழ்கடிக்கும், புகை போடுவதும் அதே. வளை காலி என்று மூன்று நாள் உறுதியான பிறகு அடி வலை, அதற்குப் பிறகு வேலி.

பொறி கடைசி. எல்லாம் அடைத்தபிறகும் உள்ளே ஒன்றிரண்டு தங்கியிருந்தால் மட்டும். கம்பிக்கூண்டுப் பொறி, சுவரை ஒட்டி, வாய் சுவர்ப்பாதையைப் பார்த்தபடி. புதுப்பொருள் என்றால் எலிக்கு பயம், ஆகவே முதல் மூன்று இரவு கதவைக் கட்டித் திறந்தே வைத்து உள்ளே மசால்வடைத் துண்டோ கருவாடோ போடுங்கள், நான்காம் இரவு கதவை விடுங்கள். சுண்டெலிக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, அது ஆர்வக்கோளாறு. கூண்டின் பாதியைச் சாக்கால் மூடி, ஒரு வெள்ளரித் துண்டு உள்ளே வையுங்கள், தாகத்தில் சாகாமல் இருக்கும். பொழுது விடியுமுன் பார்க்க வேண்டும். பகலில் பொறி திறந்திருந்தால் அணிலும் மூஞ்சூறும் மாட்டும். மூஞ்சூறு நெடுநேரம் பட்டினி தாங்காது.

தூரத்தில் கொண்டுபோய் விடுவது நமக்கு நிம்மதி, அதற்கு இல்லை. வளை தெரியாது, இரை தெரியாது, அங்கிருக்கும் எலிகள் விரட்டும், பெரும்பாலும் பிழைக்காது. வேலியைத் தாண்டி நூறடி, தோப்புக்குள், இருட்டு இருக்கும்போதே விடுங்கள். திரும்பி வராதா என்றால், வரும். அடைத்த வேலியில் முட்டிவிட்டுத் திரும்பும். அடைக்காமல் பொறி மட்டும் வைப்பதில் அர்த்தமில்லை, காலியான வளைக்குப் பக்கத்துத் தோப்பிலிருந்து புது ஆள் குடிவரும்.

---

மண்சட்டி:

ஒன்று விட்டுப்போனது. வளை மண்ணைத் தோண்டும்போது ரப்பர் கையுறையும் கம்பூட்டும் கட்டாயம், குறிப்பாக மழைக்குப் பிறகு. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த ஈர மண், தேங்கிய தண்ணீர் வழியாக, காலில் இருக்கும் சின்ன வெடிப்பின் வழியாகக்கூட ஏறும். கொட்டகையில் காய்ந்த புழுக்கை கிடந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் போகும். ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து நனைத்து, பத்து நிமிடம் விட்டுத் துணியால் வழித்தெடுங்கள். அணில் கடித்த கொய்யாவை அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடுவதும் வேண்டாம், கம்போஸ்டில் போடுங்கள்.

வேலை எல்லாவற்றையும் புரட்டாசிக்குள் முடியுங்கள். ஐப்பசி மழையில் தோப்பு வளைகளில் தண்ணீர் ஏறினால் எல்லாம் மேட்டைத் தேடி வரும். உங்கள் மேட்டுப்பாத்திதான் பக்கத்தில் உள்ள மேடு.

---

கொய்யாக்கிளை:

வாசல் கேட்டை யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி? சுண்டு விரல் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும். அலுமினியப் பட்டையோடு வரும் ரப்பர் கீற்றை வாங்காதீர்கள், ரப்பரைத் தின்றுவிடும். தரையில் இரண்டு அங்குல உயரச் சிமென்ட் படி கட்டி, கேட் அதில் வந்து மோதி நிற்கும்படி வையுங்கள். சைக்கிள் ஏற்ற வேண்டுமென்றால் படியை உள்பக்கம் மட்டும் சரிவாகப் பூசுங்கள்.